எல்லை தாண்டாத சத்தம்

வண்டி கடல் தாண்டிப் போயிருந்த அந்த நாட்களில் அதன் சத்தம் மட்டும் எங்கள் ஊரிலேயே இருந்தது. இருந்தது என்றால் ஏதோ ஞாபகமாக, மனசுக்குள் ஒலித்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஆவாரம்புதூர் மாகாளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும், ஜன்னல் கம்பி அதிர, அடுக்கிவைத்த தம்ளர்கள் கிணுகிணுக்க, மண்ணெண்ணெய் வண்டிக்காரன் மாட்டை ஓரம்கட்டி வழிவிட, கண்ணுக்குத் தெரியாமல் உறுமிக்கொண்டு சுற்றி வந்தது. அதைக் கண்டு ஊரே மிரண்டுபோனது என்று வெளியூர்க்காரர்கள் பிற்பாடு கதை கட்டினார்கள். அதில் ஒன்றும் உண்மையில்லை. கோயம்புத்தூருக்கு வடக்கே எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு லேத்து, நாலு வீட்டுக்கு ஒரு பவுண்டரி. சத்தம்தான் எங்களுக்குச் சோறு போட்டது, அதில் ஒன்று கூடியதற்கு யார் மிரளுவார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும், அது ஜெர்மனியில் செய்த மெஷினாக இருந்தாலும் சரி, கல்யாண வீட்டில் வைத்த ஐஸ்கிரீம் டப்பாவாக இருந்தாலும் சரி, சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, விரலால் சுண்டி, இதை நாமே செய்துவிடலாமே என்பார்கள். பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றிக்கொண்டிருந்த சென்னியப்பனுக்கு அந்த வியாதி முற்றியிருந்தது. நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவரின் பந்தயக் காருக்கு உடைந்துபோன பாகம் ஒன்றைச் செய்து கொடுக்கப் போனவர், அந்த வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், சுண்டினார், வீட்டுக்கு வந்து குளிக்காமல்கூட பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு வண்டியை வரைந்தார். அந்தப் படத்தை மிதிக்காமல் சுற்றிப் போக நாங்கள் பழகிக்கொண்டோம். பெரிய பெரிய கம்பெனிகள் படையும் பட்டாளமுமாக வந்து ஓட்டுகிற உலகப் பந்தயத்தில் ஒருநாள் ஆவாரம்புதூர் வண்டியும் ஓடும் என்று அவர் சொன்னபோது, அதற்கென்ன ஓடட்டுமே என்றோம். ஓடியது. ஒரே ஒரு உலகப் பந்தயத்தோடு எல்லாம் முடிந்துபோனது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஜெயிப்பாரோ மாட்டாரோ என்று யாரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சென்னியப்பனின் மனைவி பழனாத்தாளின் தம்பி குழந்தைவேலு வீட்டிலேயே இருந்தான். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். இடுப்பில் வைத்துக்கொண்டே கல்யாணமும் செய்துகொண்டவள். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் உருமாலைத் தலைப்பாகையைப் பிடித்து இழுத்தது அவன்தான் என்றும், சீர்வரிசைக்குப் பதிலாகத் தம்பியைக் கொண்டுவந்தாள் என்றும் ஊரில் கேலி உண்டு. அவன் சைக்கிள் பழகியபோது அவள் பின்னாலேயே ஓடினாள். மோட்டார் சைக்கிள் பழகியபோது பின்னால் ஓட முடியாது என்பதால் வாசலில் நின்று காதைக் கொடுத்தாள். எந்த வீதியில் போகிறான், என்ன வேகத்தில் திரும்புகிறான், சோறு ஆறுவதற்குள் வந்துவிடுவானா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவனும் அப்படித்தான். மீட்டர் முள்ளைப் பார்க்கவே மாட்டான், எஞ்சின் குரல் எந்த இடத்தில் கெஞ்சுகிறதோ அந்த இடத்தில் கியரை மாற்றுவான். அக்காளும் தம்பியும் கண்ணை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டு காதால் குடும்பம் நடத்தினார்கள்.

அந்த வருஷம் மாகாளியம்மன் நோம்பி, எங்கள் ஊர்த் திருவிழா அதுதான், அதற்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, ஊரே காப்புக் கட்டியிருந்தது. காப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மஞ்சள் நூலில் வேப்பிலையை முடிந்து மணிக்கட்டில் கட்டிவிட்டால், நோம்பி முடிந்து, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டு, காப்பை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சம்பந்தி வீட்டில் எழவு விழுந்தாலும் போகக் கூடாது, அப்படிப் போனவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது. நோம்பி வாரத்தில் பம்புசெட் வேலை நின்று உலை காலியாக இருக்கும், எஞ்சினின் உடம்பை அப்போதே ஊற்றிவிடலாம் என்று சென்னியப்பன் கணக்குப் போட்டார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, உலையின் வாயைத் திறக்கிற நேரத்தில் பழனாத்தாள் கையிலிருந்த மஞ்சள் நூலைத் தம்பியின் மணிக்கட்டில் கட்டினாள். மிச்சம் இருந்த நூலை, வார்ப்பு கோணாமல் விழ வேண்டும் என்று, மணல் அடைத்த மோல்டிங் பெட்டியின் கைப்பிடியிலும் கட்டினாள். கோயில் பூசாரி அர்த்தநாரிப் பண்டாரம் பக்கத்தில்தான் நின்றார், அவரும் தடுக்கவில்லை. கம்பம் பிடுங்கிய அன்று ஆள், பேர், மாட்டுக் கொம்பு, மாவாட்டும் கல் என்று எல்லாவற்றின் காப்பும் அவிழ்ந்து கிணற்றுக்குப் போனது. வேலை முடிந்து பரணில் தூக்கிப்போட்ட அந்தப் பெட்டியை மட்டும் மறந்துபோனோம்.

வண்டி தயாரானபோது மஞ்சள் பூசி, மூக்கில் மாகாளி என்று எழுதி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் குழந்தைவேலு அதை ஓட்டிப் பார்த்தான். கோயிலைச் சுற்றி மூன்று தரம் வந்தது, அந்தச் சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் பக்கத்து ஊருக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்பின. அப்படியே சத்தியமங்கலம் ரோட்டில் ஏறுவதற்காக எல்லைக்கல்லைத் தாண்டியது. வண்டி தாண்டியது, சத்தம் தாண்டவில்லை. கோயிலுக்குள் போகிறவர் செருப்பை விட்டுவிட்டுப் போவதுபோலச் சத்தத்தைக் கல்லுக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டு, வண்டி மட்டும் காற்றில் இலை போகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. விடப்பட்ட சத்தம் கொஞ்ச நேரம் கல்லடியில் நின்று உறுமிவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பிக் கோயிலைச் சுற்ற ஆரம்பித்தது. வண்டி அன்னூர் வரை போய் வந்தது. அது எங்கே வேகம் எடுத்தது, எங்கே மாட்டு வண்டிக்காக நின்றது என்பதெல்லாம் நாங்கள் இங்கே நின்றே கேட்டோம்.

பண்டாரம் விபூதித் தட்டோடு வெளியே வந்து கேட்டுவிட்டு, பரணில் ஏறிப் பார்க்கச் சொன்னார். பெட்டியில் நூல் அப்படியே இருந்தது. "காப்புக் கட்டுனது எப்படீங்க எல்லை தாண்டும்?" என்றார். அவ்வளவுதான் விசாரணை. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும், அறுக்கக் கூடாது, வேறு யாரும் தொடக் கூடாது என்று முறையைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் அவிழ்க்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சென்னியப்பனுக்கு மகிழ்ச்சியே தாங்கவில்லை. மற்றவன் வண்டியெல்லாம் பத்து மைலுக்கு அப்பாலேயே வருகிறேன் வருகிறேன் என்று கத்திக்கொண்டு வரும், நம் வண்டி பூனை மாதிரி பக்கத்தில் வந்து நிற்கிற வரை எவனுக்கும் தெரியாது என்று டீக்கடையில் எல்லோருக்கும் விளக்கினார். சென்னைக்கு வடக்கே பழைய விமானத் திடலில் நடந்த பந்தயத்தில் அதே மாதிரிதான் ஜெயித்தார்கள். அங்கே ஜெயித்தபோது இங்கே சத்தம் கோயிலைச் சுற்றிப் பறந்தது, கடைசிச் சுற்றில் குரல் இறங்கி மெதுவாக வந்து பட்டறை வாசலில் அடங்கியது, உடனே நாங்கள் பட்டாசு வெடித்தோம். தந்தி மறுநாள்தான் வந்தது.

அதன் பிறகு வண்டி தினமும் எல்லைக்கு வெளியே ஓடிப் பழகியது, அதன் சத்தம் ஊரில் ஒரு குடித்தனம் ஆயிற்று. அது எப்போதும் வலமாகவே சுற்றியதால் பண்டாரத்துக்கு அதன்மேல் குறையேதும் இல்லை, அபிஷேக நேரத்தில் வந்தால் மட்டும் கொஞ்சம் முகம் சுளிப்பார். பெண்கள் வாசலில் கோலம் போடும்போது அது போகிற தடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் போட்டார்கள். நாய்கள் முதல் வாரம் துரத்தின, கடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காததால் இரண்டாம் வாரம் படுத்துக்கொண்டன. மில்லில் தறி ஓட்டி ஓட்டிக் காது மந்தமான மாரண்ணன், பெண்டாட்டி கூப்பிடுவது கேட்காதவர், பஞ்சாலைச் சங்கு கேட்காதவர், இது ஒன்று மட்டும் கேட்கிறது என்று தினமும் முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு, தெற்கு வீதி முக்கில் வந்து உட்கார்ந்தார். அந்த முக்கு திருப்பம் கடுமையானது, சத்தம் அங்கே குரலைத் தாழ்த்திக் கொண்டு திரும்ப வேண்டும் என்பதால், டீக்கடைக்காரர் அங்கே ஒரு பெஞ்சு போட்டார். பிள்ளைகள் அதைக் கேட்டுத் தூங்கின. வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கும் நாட்களில் நான்கு வீதிப் பிள்ளைகளும் விடாமல் அழுதன, பொறுக்க முடியாத தாய்மார்கள் பட்டறைக்கே வந்து சீக்கிரம் மாட்டி முடிக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அமைதியைக் கெடுத்ததாகக் கேஸ் எழுத ஒரு போலீஸ்காரர் வந்தார். வண்டி எங்கே என்றார், வெளியூர் போயிருக்கிறது என்றோம். சத்தத்தை எந்தப் பேரில் எழுதுவது என்று தெரியாமல், டீ குடித்துவிட்டு, ஒரு சுற்று கேட்டுவிட்டு, நல்ல எஞ்சின் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உலகப் பந்தயத்துக்குப் போவது என்று சென்னியப்பன் தீர்மானித்தபோது பழனாத்தாள் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ஓடுகிற வேகம் வேறு, அங்கே வருஷத்துக்கு ஒருத்தராவது சாகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் அதைத் தவறாமல் சொல்லியிருந்தார்கள். சாப்பாடு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், வாய் மட்டும் பேசவில்லை. கடைசியில் ஒருநாள் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "என்ற தம்பி போனது போலவே முழுசா வரோணும், அத யாரு எனக்குச் சொல்லுவா?" என்று கேட்டாள். சென்னியப்பன் யோசித்துவிட்டு, யாரும் சொல்ல வேண்டியதில்லையே என்றார். "சத்தம் உன்றகிட்டயேதான் இருக்குதல்லோ அம்மிணி. அது ஓடுனா அவன் ஓடறான். அது நின்னா, வண்டி நின்னுதுன்னு அர்த்தம். எனக்கு முன்னால உனக்குத்தான் தெரியும்." அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் சம்மதித்தாள். தம்பியைக் கொடுத்து சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி, அவர்கள் கொச்சியில் கப்பல் ஏறிய நாளிலிருந்து ஆட்டுக்கல்லை வாசலுக்கு நகர்த்திக்கொண்டாள்.

கப்பல் போய்க்கொண்டிருந்த வாரங்களில் ஊர் செவிடாகக் கிடந்தது. பிறகு ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், அங்கே மதியம் சாய்ந்திருக்க வேண்டும், பட்டறை வாசலில் ஒரு இருமல் கேட்டது, ஒரு கனைப்பு கேட்டது, அப்புறம் அது எழுந்து ஓடியது. மாரண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். ஐரோப்பாவில் ஏதோ காட்டுக்கு நடுவே இருந்த அந்தப் பந்தயப் பாதையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, ஆனால் நான்கைந்து நாளில் அது எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம் ஆனது. வடக்கு வீதி நெடுக அது முழு மூச்சில் போகும், அங்கே நேர்ப்பாதை. கிழக்கு வீதியில் இரண்டு இடத்தில் விக்கும், அங்கே வளைவுகள். தெற்கு முக்கில் ஏறக்குறைய அழுதுகொண்டே திரும்பும். பழனாத்தாள் மாவை ஆட்டிக்கொண்டே கேட்பாள். சத்தம் தெற்கு முக்குக்குப் போகும்போது குழவி நிற்கும், மேற்கு வீதியில் ஏறியதும் மறுபடி சுற்றும்.

முதலில் கோளாறைக் கண்டுபிடித்ததும் அவள்தான். எஞ்சின் கெஞ்சுகிற இடத்தில் கியர் விழவில்லை. சில சமயம் முன்னாலேயே விழுந்தது, சில சமயம் கெஞ்சிக் கதறிய பிறகு விழுந்தது, பல் இடிக்கிற சத்தம் கோயில் மணியில் பட்டு எதிரொலித்தது. என்ற தம்பி இப்படி ஓட்டமாட்டானே என்று அவள் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்து, எங்களைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன மறுநாள் நாயுடு கடைக்கு வெளிநாட்டு டிரங்க் கால் வந்தது. மோட்டார் காயில் சுற்றுகிற சீனிவாச நாயுடுவின் கடையில்தான் அப்போது ஊருக்கே ஒரு போன் இருந்தது.

சென்னியப்பன் சொன்னது இதுதான். மற்ற வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே குழந்தைவேலுவுக்குத் தன் வண்டி உயிரோடு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. முள்ளைப் பார்த்து ஓட்டு என்றால் முள்ளைப் பார்க்கிற நேரத்தில் பாதையை விட்டுவிடுகிறான். சென்னைத் திடலில் வேகம் குறைவு என்பதால் தப்பித்தான், அது இங்கே செல்லவில்லை. நேற்று கொடி பிடிக்கிற ஆள் ஒருவர், வண்டி வருவது கேட்காமல் பாதையைக் குறுக்கே கடந்துவிட்டார், ஒரு முழம் தள்ளித்தான் தப்பினார். சத்தம் போடாத வண்டி கொலைகார வண்டி என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், நாளைய தகுதி ஓட்டம் முடிவதற்குள் சத்தம் வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். காப்பை அவிழ்த்துவிடு என்று அவர் சொல்ல வந்ததை அவள் சொல்லவிடவில்லை, போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னாள்.

குழந்தைவேலு போனை வாங்கிய நேரத்தில், அங்கே ஆபீசுக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டியை மெக்கானிக் யாரோ முடுக்கிப் பார்த்திருக்கிறார். அங்கே யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே பட்டறை வாசலில் சத்தம் எழுந்து, நாயுடு கடையைத் தாண்டிப் போனது, கடைப்பலகை அதிர்ந்தது, அந்தச் சத்தம் போனுக்குள் நுழைந்து கடல் தாண்டி அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. "அக்கா, அது என்ற வண்டிதானே?" என்றான். ஆமாம் என்றாள். "இன்னொருக்கா கேக்கறேன், போனைக் கொஞ்சம் வெளிய காட்டு" என்றான். அவள் வயர் எட்டுகிற தூரம் வரைக்கும் போனை வாசல் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீண்டும் காதில் வைத்தபோது அந்தப் பக்கத்தில் தம்பி அழுதுகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. சத்தத்தை விட முடியாது என்று பேசியவர்கள்தான் அதிகம். பிள்ளைகளை எப்படித் தூங்க வைப்பது என்று தாய்மார்கள் கேட்டார்கள். மாரண்ணன் எழுந்து போய்த் தாய்மார்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு அந்தச் சத்தத்தின்மேல் ஆசை இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் எங்கள் ஆசை வேறு, பழனாத்தாளுடையது வேறு. அவிழ்த்துவிட்டால் அவன் எப்படி இருக்கிறான் என்று அவளுக்கு யாரும் சொல்லப் போவதில்லை. அவன் விழுந்தால் தந்திதான் வரும், அதுவும் மறுநாள் வரும். அவிழ்க்காவிட்டால் நாளையோடு ஊர் திரும்பிவிடுவான். அதுதானே நல்லது, விட்டுத் தொலை என்று நாயுடுவே அவள் காதோடு சொன்னார். அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தகுதி ஓட்டம் தொடங்கியது. சத்தம் வாசலைத் தாண்டி வடக்கு வீதியில் ஏறியது, கிழக்கில் விக்கியது, தெற்கு முக்குக்கு வந்தபோது கியர் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. சக்கரம் கிரீச்சிட்டது, என்னவோ புரண்டது, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம், பிறகு தடுமாறி மேற்கு வீதியில் ஏறியது. பழனாத்தாள் மாவுக் கையோடு எழுந்தாள். "நான் வெச்சிருக்கறது அவனோட காது" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குள் போய், ஏணி போட்டுப் பரணில் ஏறினாள்.

நூல் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, கைப்பிடியோடு கைப்பிடியாக இறுகிப்போயிருந்தது. அறுக்கக் கூடாது, வேறு யாரும் தொடக் கூடாது என்பதால் நாங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்து இழுத்தாள், சத்தம் தலைக்குமேல் கூரை ஓடுகளை அதிரவைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றாக வந்து போனது, ஒவ்வொரு முறை அது தெற்கு முக்குக்குப் போகும்போதும் அவள் கை நின்றது. முடிச்சு ஒருவழியாக இளகி நூல் கையோடு வந்தது. அதற்கு அடுத்த சுற்றில் சத்தம் வடக்கு வீதியில் வேகம் எடுக்கவில்லை. கோலங்களுக்கு நடுவே விட்டிருந்த தடத்தில், கல்யாணமாகிப் போகிற பெண் வீடு வீடாக நின்று சொல்லிக்கொள்வது போல, வாசலுக்கு வாசல் தயங்கித் தயங்கிப் போனது. மாரண்ணன் பெஞ்சுக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. அப்புறம் சத்தியமங்கலம் ரோட்டுப் பக்கம் திரும்பி, எல்லைக்கல்லைத் தாண்டி, முழுக் குரலெடுத்துப் போயே போய்விட்டது. நாங்கள் பின்னால் கல் வரைக்கும் போய்ப் பார்த்தோம், ரோட்டில் ஒரு சைக்கிள்காரர்தான் வந்துகொண்டிருந்தார்.

அங்கே நேர்ப்பாதையின் நடுவில் வண்டி திடீரென்று வாய் திறந்ததாம். கொடிக்காரர் கொடியைக் கீழே போட்டுவிட்டாராம். அந்த ஒரு சுற்றில்தான் குழந்தைவேலு மற்றவர்களுக்கு ஈடாக ஓட்டி, தகுதி பெற்றவர்களில் கடைசி இடத்தைப் பிடித்தானாம். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று நாயுடு கடைக்குத் தகவல் வந்தது.

ஞாயிறு சாயங்காலம் நாங்கள் எல்லோரும் அவரவர் இடத்தில் வந்து உட்கார்ந்தோம். கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் வந்தோம். மாரண்ணன் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரேடியோவைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குக் கோதுமை விலையும் வானிலையும் கிடைத்தன. விளக்கு வைத்தார்கள், நேரம் ஆனது, இப்போது வடக்கு வீதியில் இருப்பான் என்றார் ஒருவர், இல்லை இல்லை தெற்கு முக்குக்கு வந்திருப்பான் என்றார் இன்னொருவர். பல மாதமாக எல்லாம் தெரிந்த ஊர் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பழனாத்தாள் ஆட்டுக்கல்லின் முன்னால், மாவு இல்லாமல், அந்த மஞ்சள் நூலை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கிணற்றில் விட வேண்டும் என்று பண்டாரம் கேட்டதற்கு, அவன் வரட்டும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அன்றைக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் பால்காரர் வருகிற நேரத்தில் நாயுடு கடையில் போன் மணி அடித்தது. அவள் நடந்துதான் போனாள். நாங்கள்தான் ஓடினோம். சென்னியப்பன் குரல் கிணற்றடியிலிருந்து வருவது போலிருந்தது. பாதிப் பந்தயம் ஓடினோம், இரண்டு பெரிய கம்பெனி வண்டிகளைத் தாண்டினோம், அப்புறம் எஞ்சின் பிளாக்கில் விரிசல் விட்டுப் புகை வந்து ஓரம் நின்றுவிட்டது, இனிச் சேராது, வண்டியை இங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும், "அதோட முடிஞ்சுது அம்மிணி" என்றார். பிற்பாடு அவர் ஊர் திரும்பிப் பம்புசெட்டே ஊற்றினார், தரையில் இருந்த சாக்பீஸ் படத்தை நாங்கள் மிதித்தே அழித்தோம். அவள் அதையெல்லாம் கேட்ட மாதிரித் தெரியவில்லை. "கொழந்தை எங்கீங்க?" என்றாள்.

போன் கைமாறியது. "அக்கா," என்று குழந்தைவேலு கத்தினான், நாயுடு கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஊர் மாட்டையெல்லாம் கூப்பிடுகிறவன் மாதிரி. "அக்கா, நான் பேசறது உனக்குக் கேக்குதா? எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. நேத்திருந்து காதுக்குள்ள வண்டிதான் ஓடிட்டே இருக்குது. நீ சும்மா பேசு, நீ பேசறது கேக்கறாட்டமே நெனச்சுக்கறேன். கேக்குதா அக்கா?"

பழனாத்தாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், நூல் இன்னமும் விரலில்தான் இருந்தது. "கேக்குது சாமி" என்றாள். கேக்குதா என்று அவன் மறுபடியும் கத்தினான். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தே, அவன் கத்தக் கத்த, கேக்குது சாமி, கேக்குது சாமி என்று, லைன் தானாக அறுந்துபோகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.